கர்மாவும் நாலு போல்ட்டும்

நியூட்டனைக் கர்மாவுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். அவருடைய மூன்றாம் விதியை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவள். நாங்கள் படித்த காலத்தில் அது, ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று இருந்தது. மொழிபெயர்த்தவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஆனால் ‘வினை’ என்று ஒரு சொல்லைப் போட்டு எத்தனை பேருக்கு வசதி செய்து கொடுத்துவிட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. நம் ஊரில் வினை என்றால் முன்வினை, ஊழ்வினை. இங்கிலீஷில் அந்த விதியைப் படிக்கிறவனுக்குச் சுவரைத் தள்ளுவது நினைவுக்கு வரும். தமிழில் படிக்கிறவனுக்குப் போன ஜென்மம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் நான் பின்னாளில் வகுப்பில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘விசை’ என்று எழுதினேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல மாட்டேன். சொன்னால் குரல் உயர்ந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் தம்பியும் கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். சொந்த ஊர் வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம். அப்பா கடைசிவரை அடுத்தவர் காடு கழனியில் உழைத்தே போய்ச் சேர்ந்தவர். எனக்கு டீச்சர் வேலை கிடைத்ததும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஒரு பட்டறையில் சேர்ந்தான். பம்பு மோட்டாருக்குள் அடுக்கடுக்காக இருக்குமே இரும்புத் தகடு, அதை வெட்டுகிற பட்டறை. தகட்டை மெஷினுக்குள் வைத்துக் காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து இறங்கி ஒரே அடியில் வெட்டும். பவர் பிரஸ் என்பார்கள். வெட்டுகிற இடத்துக்கு முன்னால் ஒரு கம்பிக் கூண்டு இருக்க வேண்டும். அதன் இடுக்கில் தகடு நுழையும், கை நுழையாது. பட்டறைப் பேச்சில் அதற்குப் பெயர் கார்டு. நாலு போல்ட்டில் மாட்டியிருப்பார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து தீபாவளி வருவதற்குள் தம்பியின் வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்கள் போய்விட்டன. வெட்டிய துண்டு ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டது. எடுப்பதற்குக் கையை விட்டான். பெடலில் கால் இல்லை. ஆனாலும் மெஷின் தானாக இன்னொரு அடி அடித்தது. தேய்ந்துபோன பழைய பிரஸ்களுக்கு அந்தச் சீக்கு உண்டு என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

முதலாளியைப் பற்றி இல்லாததைச் சொல்ல மாட்டேன். அவரே தம்பியைத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். சீட்டெல்லாம் ரத்தம். அதைப் பற்றி அவர் முகம் சுளிக்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறு, மெதுவான பேச்சு, பட்டறைப் பையன்களைத் தவிர யாரையும் ‘நீங்க’ போட்டுத்தான் பேசுவார். எங்கள் அப்பா உழைத்த காட்டுக்காரர்களைப் போல அவரும் தோட்டம் துரவு உள்ள குடும்பம்தான். தோட்டத்துப் பணத்தில் பட்டறை வைத்தவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும் கைகூப்பினார்.

“ஏனுங்க டீச்சர், பூஜையெல்லாம் ஒரு கொறையுமில்லாமத்தானுங்க செஞ்சோம். பூசணிக்காய்கூட நானேதான் சுத்தி ஒடச்சேன். அதுக்கு மேலயும் இப்பிடி ஆயிப்போச்சுன்னா, அது அவன் கர்மாங்க. நாம என்னங்க பண்றது?”

அப்புறம் உள்ளே போய்த் தம்பியின் தலையைத் தடவிச் சொன்னார். “நீ ஒண்ணும் கவலப்படாத கண்ணு. உன்னயக் கைவுட்டுற மாட்டேன்.”

கையை அவருடைய மெஷினில் விட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறவனிடம் கைவிட மாட்டேன் என்று சொல்கிறோமே என்று அவருக்கு உறைக்கவேயில்லை. எனக்கு உறைத்தது. தம்பி அவரைப் பார்த்துத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் தம்பியின் சைக்கிளையும் டிபன் பாக்ஸையும் எடுத்துவரப் பட்டறைக்குப் போனேன். அதற்கு முன்னால் அவன் வேலை செய்த மெஷினை நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. அன்றைக்கு நின்று பார்த்தேன். கழுவி விட்டிருந்தார்கள். அப்படியும் பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. நம் பட்டறைக்காரர்கள் ஆயுத பூஜைக்கு ஒன்றையும் விடமாட்டார்கள். மோட்டாருக்குப் பொட்டு, சக்கரத்துக்குப் பொட்டு, பெடலுக்குப் பொட்டு. ஸ்பேனருக்கு, எண்ணெய்க் கேனுக்கு, அளக்கிற ஸ்கேலுக்கு, மூலையில் சாத்தியிருக்கிற விளக்குமாற்றுக்குக்கூடப் பொட்டு உண்டு.

கார்டுக்கு மட்டும் பொட்டு இல்லை.

கார்டு மெஷினில் மாட்டித்தான் இருந்தது. முகத்துக்கு நேராக இருந்தது. முதலில் பொட்டு வைக்க வேண்டிய இடமே அதுதான். குனிந்து பார்த்தேன். ஒரு போல்ட்டைச் சுற்றி, கார்டின் விளிம்புக்கு அடியில், பாதி நசுங்கியும் பாதி வெளியே தெரிந்துகொண்டும், காய்ந்த சந்தனம். மற்ற போல்ட்டுகளிலும் அப்படியே. பூஜை அன்றைக்கு அந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்திருக்கிறது. ஓட்டைகளைச் சுற்றி யாரோ அழகாகப் பொட்டு வைத்திருக்கிறார்கள். கார்டு அதற்கு மேல்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எப்போது வந்து உட்கார்ந்தது என்று முதலாளியிடம் கேட்டேன். “அது எப்பவும் இருக்கறதுதானுங்க அம்மணி” என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

விரல் போனதற்குக் காரணம் தம்பியின் பூர்வ ஜென்மம் என்று வராந்தாவில் நின்று சொன்ன மனுஷர், அரசாங்கத்திலிருந்து ஆய்வாளர் வருவார் என்றதும் கர்மாவை நம்பிச் சும்மா இருக்கவில்லை. ஸ்பேனரை எடுத்திருக்கிறார். தொழிலாளியின் கைக்குக் கர்மா போதும். தன் லைசென்ஸுக்குப் போல்ட் வேண்டும். இதை நினைத்து நினைத்து அன்றைக்கு நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்தேன். ஓட்ட முடியவில்லை.

ஆய்வாளர் ஆஸ்பத்திரிக்கே வந்து தம்பியிடம் விசாரித்தார். கார்டு இருந்ததா, மெஷினில் கோளாறு இருந்ததா என்று பொறுமையாகத்தான் கேட்டார். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஆரு மேலயும் குத்தமில்லீங்க. என்ற கர்மங்க.”

நான் பொட்டு விஷயத்தைச் சொன்னேன். ஆய்வாளர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். “டீச்சர், நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா கார்டு மாட்டித்தான இருக்குது? அடிபட்டவரே இப்பிடிச் சொல்றாரு. பொட்டக் காட்டி நான் என்னன்னு எழுதறது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தம்பியை அடித்துவிடலாம் போல இருந்தது. இந்தப் பேச்சை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். காட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “உங்க பொறப்பு அப்பிடி, அதுக்கு ஆரு என்ன பண்ண முடியும்?” என்பார். அப்பா கீழே நின்றுகொண்டு, “ஆமாஞ் சாமி” என்பார். காட்டுக்காரர் கிணற்றில் தண்ணீர் ஊறினால் அது அவர் செய்த புண்ணியம். எங்கள் கூரை ஒழுகினால் அது நாங்கள் செய்த பாவம். எந்தப் பாவம் என்று ஒருவரும் சொன்னதில்லை. எங்களுக்கே தெரியாத ஒரு குற்றத்துக்கு நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்டனை வாங்கிக்கொண்டிருந்தோம். டிகிரி வாங்கி, பட்டணத்துக்கு வந்து, தம்பியைப் பட்டறையில் சேர்த்த பிறகும், அந்த “ஆமாஞ் சாமி” அவன் வாயிலிருந்து வேறு வார்த்தையில் வந்ததே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு முதலாளி சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் சொற்பொழிவு நடக்கிறது, ‘கர்மாவும் விஞ்ஞானமும்’ என்று தலைப்பு, பேசுகிறவர் இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் என்றார். “நீங்க சயின்ஸு டீச்சர், உங்களுக்குப் புடிக்குமுங்க. தம்பியையுங் கூட்டிக்கிட்டு வாங்க, மனசு தெளியும்.” எனக்குப் போகப் பிடிக்கவில்லை. தம்பி போக வேண்டும் என்றான். அவன் வாய் திறந்து ஒன்று கேட்டதே அப்போதுதான். போனோம்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். பேராசிரியர் கெட்டிக்காரத்தனமாகப் பேசினார். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, காரணம் இல்லாமல் காரியம் இல்லை என்றார். பந்தைச் சுவரில் எறிந்தால் எறிந்தவனிடமே திரும்பி வருகிறது, நியூட்டன் சொன்னதைத்தான் நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள் என்றார். கை தட்டினார்கள். தம்பி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் தோள் இறங்கிக்கொண்டே போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். எழுந்தேன்.

“ஐயா, நான் பள்ளிக்கூடத்துல இந்த விதியத்தானுங்க நடத்தறேன். நான் சுவத்தத் தள்ளுனா, அதே நிமிஷத்துல சுவரு என்னயத் தள்ளுது. ரெண்டும் ஒரே நேரத்துலீங்க. ஒண்ணு சுவத்து மேல, இன்னொண்ணு என் மேல. சுவரு அடுத்த ஜென்மத்துக்குக் காத்திருக்கறதில்லீங்க. இதுல கர்மா எங்க வருதுங்க?”

அவர் சிரித்தார். “அது ஸ்தூலமான விதி அம்மணி. நான் சொல்றது சூட்சுமமான தளம்.”

“செரிங்க. அந்தத் தளத்துல எதிர்வினை சமமா இருக்குதுன்னு எப்பிடிங்க அளக்கறது? எதப் பாத்தாக் கர்மா பொய்யின்னு ஒத்துக்குவீங்க? ஒருத்தனுக்கு அடிபட்டா பழைய பாவம். அடிபடலீன்னா பழைய புண்ணியம். எது நடந்தாலும் செரியா வருதுன்னா, அது எதையுமே சொல்லலீன்னுதானுங்க அர்த்தம். விடையப் பாத்துப்போட்டுக் கணக்கு எழுதற பையனுக்கு நான் மார்க்குப் போடறதில்லீங்க.”

“இதெல்லாம் அறிவால அளக்கற விஷயமில்லம்மா” என்று அவர் மைக்கை அடுத்தவருக்குக் கொடுக்கச் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விஞ்ஞானத்தை மேடைக்கு அழைத்தது நானா? நோட்டீஸில் போட்டு, மாலை போட்டுக் கூட்டிவந்தது அவர்கள்தான். அது கேள்வி கேட்க ஆரம்பித்ததும் வாசலைச் சாத்துகிறார்கள். இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருப்பேனோ தெரியாது. தம்பி இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். “உக்காருக்கா. போதும்” என்றான்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கூட்டம் குறைவு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தவன் காந்திபுரம் தாண்டியதும் பேசினான்.

“அக்கா, நீ பொட்டு பொட்டுன்னு சொல்றியே, அந்தப் பொட்டு வெச்சது நாந்தான்.”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

“பூஜைக்குக் கழுவோணும்னு கார்டக் கழட்டுனதும் நாந்தான். பூஜை முடிஞ்சு மாட்டப் போனேன். இருக்கட்டும் உடு கண்ணு, கார்டு இல்லாட்டி வேல வெரசலா ஓடுது, தீவாளி ஆர்டர் முடியட்டும்னாரு ஓனரு. நானும் உட்டுப்போட்டேன். நான் செஞ்சது எனக்கே திரும்பி வந்துருச்சு. அந்தப் பெரியவரு சொன்ன பந்து மாதிரித்தானக்கா?”

இத்தனை நாள் இதை உள்ளே வைத்துக்கொண்டு இவன் எப்படித் தூங்கினான்? கர்மம் என்று அவன் சொன்னது போன ஜென்மத்தை நினைத்து அல்ல. அவன் மனசுக்குள் இந்த ஜென்மத்துக் கார்டுதான் இருந்திருக்கிறது. அவனாகவே தீர்ப்பு எழுதி, அவனாகவே தண்டனையையும் ஏற்றுக்கொண்டுவிட்டான்.

“கழட்டுனது நீ. மாட்ட வேண்டாம்னது ஆரு? தானா அடிக்கற மெஷினச் செரி பண்ணாமப் போட்டு வெச்சது ஆரு? உனக்கு மட்டும் திரும்பி வந்துது, அவருக்கு ஏன் வரல?” என்றேன். “அவரு கை முழுசா இருக்குது. அதுல மோதரமும் இருக்குது.”

“அவருக்கு அடுத்த ஜென்மத்துல வருமாட்ட இருக்குது” என்றான்.

அடுத்த ஜென்மத்துக்குள் புகுந்து யாரோடு சண்டை போடுவது? படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு பதிலில் செல்லாக்காசாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் போட்டு உருட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு குலை இளநீர். தம்பி வேலை பார்த்த மெஷினுக்கு அவரைத்தான் புதிதாக வைத்திருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். உட்காரச் சொல்லியும் கூச்சப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் உடம்பு விசாரித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

“ஏனுங்ண்ணா, நீங்கதான் அந்த மெஷின நல்லா வெரசலா ஓட்டுவீங்கன்னு ஓனர் சொன்னாருங்க. எனக்குத் துண்டு சிக்குனா எடுக்கறதுக்குள்ள லேட்டாயிருதுங்க. எப்பிடிங்ண்ணா எடுக்கறது?” என்று கேட்டு, விரல்களைக் குவித்து எடுப்பது போலக் காட்டினார்.

தம்பி அந்த விரல்களையே பார்த்தான். “கார்டு இருக்கறப்ப கைய உட முடியாதே. மெஷின நிறுத்திப்போட்டுத்தான எடுக்கோணும்?”

“கார்டுங்களா? அது பொறத்தால ஸ்கிராப்புக்குப் பக்கத்துல கெடக்குதுங்ண்ணா. ஆபீசர் வந்துட்டுப் போன பொறகு கழட்டிப்போட்டாங்க.”

எனக்கு வந்த கோபத்தில் நாக்கைக் கட்டுப்படுத்த முடியவில்லை. தம்பியிடம் திரும்பினேன். “கேட்டுக்கிட்டியா? இவரு போன ஜென்மத்துல என்ன பண்ணுனாருன்னு கண்டுபுடிச்சுச் சொல்லு. இவரு கை போறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுக்கலாம்.” வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. திருதிருவென்று விழித்தார். தம்பி அவரிடம், “நாளைக்கு நான் வாரேனுங்க. நான் வர்ற வரைக்கும் அந்த மெஷின்ல உக்காராதீங்க” என்றான்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவனோடு போனேன். பட்டறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தம்பி யாரிடமும் பேசாமல் நேராகப் போய்த் தன் பழைய ஸ்டூலில், பிரஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி உள்ளேயிருந்து வந்தார்.

“என்ன கண்ணு, கை ஆறட்டுமே. அதுக்குள்ள எதுக்கு வந்தே?”

“கார்ட மாட்டச் சொல்லுங்க.”

“மாட்டலாம், மாட்டலாம். இந்த லோடு போகட்டும்.”

“இப்ப மாட்டச் சொல்லுங்க. மாட்டுனாத்தான் எந்திரிப்பேனுங்க. இல்லீன்னா அந்த ஆபீசரப் போய்ப் பாத்து, கழட்டுனது நானு, மாட்ட வேண்டாம்னது நீங்கன்னு ரெண்டையுஞ் சொல்லிப்போடுவேனுங்க.”

முதலாளியின் முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தார். நான்தான் தூண்டிவிட்டேன் என்று நினைத்திருப்பார். தம்பியிடம் குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கு நீயே உன் வாயால கர்மம்னுதான கண்ணு சொன்னே? இப்ப மாத்திப் பேசறியே” என்றார்.

“மாத்தலீங்க. இப்பவும் அதேதானுங்க சொல்றேன்” என்றான் தம்பி. “கர்மம் என்னுதாவே இருக்கட்டுங்க. போல்ட்டு உங்குளுதுங்க.”

நான் மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசியதில் பாதிகூட அவன் பேசவில்லை. அவன் கர்மாவை விட்டுக்கொடுக்கவும் இல்லை, எனக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான். ஆனால் முதலாளி விரலில் இருந்த மோதிரத்தைத் திருகினார். பிறகு புதியவரைப் பார்த்து, “மாட்டுப்பா” என்று சொல்லிவிட்டு, மேஜையில் எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டார்.

புதியவர் ஓடிப்போய்க் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூசியும் எண்ணெயும் பிடித்திருந்தது. துடைத்து, அந்த நாலு ஓட்டைக்கும் நேராக வைத்து, போல்ட்டுகளைக் கையால் திருகிவிட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். புதிதாக ஒன்றை மாட்டினால் பொட்டு வைக்க வேண்டும் என்று அவருக்குப் பழக்கம். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். நான் கத்திவிட்டேன்.

“பொட்டு வேண்டாங்க. மொதல்ல போல்ட்ட இறுக்குங்க.”

அவர் பயந்துபோய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். அவசரத்தில் அது போல்ட்டில் சரியாக உட்காராமல் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. “இங்க குடுங்க” என்றான் தம்பி. அந்தக் கார்டை எத்தனையோ தடவை கழற்றி மாட்டியவன் அவன்தான். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, போல்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், வாங்குவதற்குக் கையை நீட்டினான். கட்டுப் போட்ட வலது கையை. புதியவர் ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.